தோட்டாப் பித்தளை: வெற்று உறையின் மறுபயன்பாடும் ஆபத்தும்

தோட்டாப் பித்தளை என்பது துப்பாக்கித் தோட்டாக்களின் உறையைச் செய்யப் பயன்படும் உலோகக் கலவை ஆகும். இதில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. ஒரு தோட்டாவைச் சுட்டதும் குண்டு பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, அதைப் பற்றவைத்த எரியூக்கியும் தீர்ந்துவிடுகிறது. முழுதாக எஞ்சுவது பித்தளை உறை மட்டுமே. சில நாடுகளில் இராணுவம் கழித்த உறைகளைக் குடிமக்கள் விலைக்கு வாங்கி, மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அவ்வாறு செய்வது கடுங்குற்றம்.

தாம்பரத்திற்குத் தெற்கே உள்ள ஊர்களில் இந்த உறை வேறொரு காரணத்தால் மக்களுக்கு அறிமுகமானது. சுடுபயிற்சித் தளங்களில் கிடக்கும் பித்தளை, பழைய உலோகமாக விலை போகும். அதைப் பொறுக்கச் சென்றவர்கள் உயிரிழந்ததும் உண்டு. இவ்வுலோகத்தின் தன்மை, மறுபயன்பாட்டின் அடிப்படை, இந்திய வரலாற்றில் அதன் இடம், சட்டம், பாதுகாப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டாவின் பகுதிகள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு, புல்லட் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் வழங்குகின்றன. உண்மையில் குண்டு என்பது தோட்டாவின் ஒரு பகுதி மட்டுமே. முழுத் தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன.

1. குண்டு: இலக்கை நோக்கிப் பறந்து செல்லும் முனைப்பகுதி. பெரும்பாலும் ஈயத்தின் மேல் செம்புக் கலவை போர்த்தியது.
2. உந்துமருந்து: எரிந்து வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளும் பொருள்.
3. எரியூக்கி: உறையின் அடியில் நடுவே பதிக்கப்பட்ட சிறு கிண்ணம். துப்பாக்கியின் ஊசி இதைக் குத்தும்போது தீப்பொறி எழுந்து மருந்தைப் பற்றவைக்கிறது. இதைக் 'கேப்' என்றும் சொல்வர்.
4. உறை: மற்ற மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு.

தேசிய மாணவர் படையினர் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 தோட்டாவில் தனி எரியூக்கி கிடையாது. பற்றவைக்கும் பொருள் உறையின் அடி விளிம்பிற்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால் அவ்வுறையை நடைமுறையில் மீண்டும் பயன்படுத்துவதில்லை. மறுபயன்பாடு என்ற பேச்சு, நடுவில் தனி எரியூக்கி பதித்த தோட்டாக்களுக்கே பொருந்தும்.

ஏன் பித்தளை?

பித்தளை உறை வருவதற்கு முன் மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றப்பட்டிருந்தன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா அத்தகைய காகிதத் தோட்டாதான். அதன்பின் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உறைகள் வந்தன. பிரித்தானியப் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியில் இவை பயன்பட்டன. சூடேறிய துப்பாக்கியின் அறையில் இவை ஒட்டிக்கொண்டு கிழிந்தன. 1880களில் சூடான் போர்க்களங்களில் இது பெரிய குறையாகப் பேசப்பட்டது. இதன் பிறகே ஒரே துண்டுப் பித்தளையிலிருந்து இழுத்துச் செய்யும் கெட்டியான உறை நிலைபெற்றது.

ஓர் உறை இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்ய வேண்டும். முதலில் அழுத்தத்தால் விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு இறுக ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த நொடிக்குள் சற்றே சுருங்கி, எளிதாக வெளியே வர வேண்டும். ஈயம் போன்ற மென்மையான உலோகம் விரியும், ஆனால் சுருங்காது. மிகக் கடினமான உலோகம் விரியாமல் வெடிக்கும். பித்தளை இரண்டுக்கும் இடைப்பட்டது.

செம்பில் துத்தநாகம் சேரச் சேர வலிமை கூடுகிறது. இழுபடும் தன்மையும் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் துத்தநாகம் மிகுந்தால் வேறு வகைப் படிக அமைப்பு தோன்றி, குளிர்நிலையில் வளைத்து இழுப்பது கடினமாகிறது. 70க்கு 30 என்ற அளவு அமைந்தது இதனால்தான். எஃகு உறைகளும் உலகில் உண்டு. சோவியத் மரபில் மெருகெண்ணெய் பூசிய எஃகு உறைகள் பெருமளவில் செய்யப்பட்டன. அவை மலிவானவை. ஆனால் மறுபயன்பாட்டுக்குப் பித்தளை அளவு ஏற்றவை அல்ல.

உறை செய்யப்படும் விதம்

பித்தளைத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவை அழுத்தியால் சிறு கிண்ணங்களாக மாற்றப்பட்டு, படிப்படியாக நீண்ட குழாய்களாக இழுக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பித்தளை இறுகுகிறது. இறுகியதை மேலும் இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் இடையிடையே உலையில் காய்ச்சி ஆற்றுகிறார்கள்.

இது நம் ஊர்க் கன்னார்களுக்குப் புதிய செய்தி அல்ல. பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டி உருவாக்கும்போது உலோகம் இறுகும். உடனே அதை உலையில் காட்டி, மென்மையாக்கி, மீண்டும் தட்டுவார்கள். உலோகத்தினுள் இருக்கும் படிகத் துகள்கள் அடிபடும்போது சிதைந்து சிக்கிக்கொள்கின்றன. வெப்பம் கிடைத்தால் புதிய, ஒழுங்கான துகள்கள் உருவாகின்றன. குடத்திற்கும் தோட்டா உறைக்கும் இந்த அறிவியல் பொதுவானது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு போன்றவை உருக்கி வார்க்கப்படுபவை. அவற்றின் முறை வேறு.

குழாய் உருவானதும் அதன் அடிப்பகுதியை அழுத்தி எரியூக்கிக்கான குழியும் எழுத்து முத்திரையும் இடுகிறார்கள். பிறகு மேற்பகுதியை ஒடுக்கிக் கழுத்து அமைக்கிறார்கள். இறுதியில் கழுத்தை மட்டும் தீயில் காட்டி மென்மையாக்குகிறார்கள். ஆகவே ஒரே உறையில் அடி கடினமாகவும் கழுத்து மென்மையாகவும் இருக்கும். இராணுவ உறைகளில் கழுத்தைச் சுற்றி நீலமும் பழுப்பும் கலந்த நிறம் தெரியும். அது கறை அல்ல. கழுத்து முறையாகக் காய்ச்சப்பட்டது என்பதற்கான அடையாளமாக அதை மெருகிட்டு அகற்றாமல் விடுகிறார்கள்.

சுடும்போது நடப்பது

வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருப்பது ஏறத்தாழ 2 வளிமண்டல அழுத்தம். இராணுவ 7.62 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது உறைக்குள் ஏறத்தாழ 3,500 வளிமண்டல அழுத்தமும் அதற்கு மேலும் எழுகிறது. இது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கிறது. உறை மட்டும் தனியே இருந்தால் இந்த அழுத்தத்தைத் தாங்காது. சுற்றிலும் உள்ள எஃகு அறைதான் தாங்குகிறது. துப்பாக்கிக்கு வெளியே, தீயிலோ சுத்தியலடியிலோ ஒரு தோட்டா வெடித்தால் உறையே கூரிய துண்டுகளாகச் சிதறுவது இதனால்தான்.

சுட்டபின் உறை பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. விட்டம் சற்றே பெருக்கிறது. உலோகம் முன்னோக்கி நகர்வதால் நீளமும் கூடுகிறது. அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

மறுபயன்பாட்டின் அடிப்படை

அமெரிக்கா போன்ற நாடுகளில் இலக்குச் சுடும் விளையாட்டினரும் வேட்டைக்காரர்களும் உறைகளை மீண்டும் நிரப்புவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பழக்கம். உறையைச் சுத்தம் செய்வது, தீர்ந்த எரியூக்கியை நீக்குவது, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது, நீண்ட கழுத்தை வெட்டிச் சீராக்குவது ஆகியன இதில் அடங்கும். அதன் பின் புதிய எரியூக்கி, மருந்து, குண்டு ஆகியவை சேர்க்கப்படுகின்றன. உறையே தோட்டாவின் விலையில் பெரும்பங்கு என்பதால் இதில் செலவு குறைகிறது.

ஆனால் உறைக்கு ஆயுள் உண்டு. விரிவதும் அச்சில் சுருங்குவதும் மாறி மாறி நடக்கும்போது பித்தளை இறுகிக்கொண்டே போகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவது போல, ஒரு கட்டத்தில் கழுத்தில் கீறல் விழும். அதைவிட ஆபத்தானது, மெலிந்த அடிச்சுவர் அறுந்து உறை இரண்டாகப் பிரிவது. அப்போது வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயலாம். பழைய .303 துப்பாக்கிகளின் அறை, போர்க்களத்து மண்ணையும் தூசியையும் தாங்குவதற்காகச் சற்றுத் தாராளமாக அமைக்கப்பட்டது. அதனால் அவற்றில் சுட்ட உறைகள் மிகுதியாக விரிந்து சீக்கிரம் அறும்.

இராணுவ உறைகளில் என்ன வேறுபாடு?

இராணுவம் கழித்த உறைகளை மீண்டும் நிரப்புவோர் நான்கு தனிச் சிக்கல்களைச் சந்திக்கின்றனர்.

முதலாவது, எரியூக்கியின் பிடிப்பு. தானியங்கித் துப்பாக்கியின் அதிர்வில் எரியூக்கி கழன்று விழாதபடி, அதைச் சுற்றி உறையின் விளிம்பை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தை நீக்காமல் புதிய எரியூக்கி பதியாது.

இரண்டாவது, எரியூக்கியின் வகை. 1860களில் இரண்டு வகைகள் தோன்றின. ஒன்று உல்விச் ஆய்வகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. மற்றொன்று ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர் அமைத்தது. பாக்ஸர் வகையில் உறையின் நடுவே ஒரே துளை இருப்பதால், மேலிருந்து ஒரு கம்பியால் தள்ளி எரியூக்கியை நீக்கிவிடலாம். பெர்டான் வகையில் நடுவே சிறு மேடும் பக்கத்தில் துளைகளும் இருப்பதால் அது இயலாது. காலப்போக்கில் ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் கண்டுபிடிப்பு ஐரோப்பிய இராணுவங்களிலும் நிலைத்தது ஒரு விந்தை. பிரித்தானிய, இந்திய .303 இராணுவத் தோட்டாக்கள் பெரும்பாலும் பெர்டான் வகையே.

மூன்றாவது, சுவரின் தடிமன். இராணுவ உறைகள் பெரும்பாலும் தடித்தவை. வெளியளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளிடம் குறைவு. குறைந்த இடத்தில் அதே அளவு மருந்து எரிந்தால் அழுத்தம் கூடும்.

நான்காவது, பழைய எரியூக்கியின் வேதிப்பொருள். பாதரச ஃபுல்மினேட் கொண்ட எரியூக்கிகள் வெடித்ததும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கச் செய்யும். பொட்டாசியம் குளோரேட் கொண்டவை உப்பை எஞ்சவிட்டு, ஈரக் காற்றில் துப்பாக்கிக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். பிற்காலத்தில் பரவிய ஈயச் சேர்ம எரியூக்கிகளில் இக்குறைகள் இல்லை. ஆனால் அவற்றின் கரியில் ஈயம் உள்ளது. கழுவாத உறைகளைக் கையாண்ட கையோடு உண்பது நல்லதல்ல.

இராணுவ உறைகளைக் குடிமக்களுக்கு விற்பது குறித்து அமெரிக்காவிலேயே சர்ச்சை எழுந்தது. 2009 மார்ச்சில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, கழித்த உறைகளை நசுக்கிய பிறகே விற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது. மொன்டானா மாநிலத்தின் செனட்டர்கள் உள்ளிட்டோர் எதிர்த்ததால் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது.

மழைக்கால விரிசல்: இந்தியாவில் கிடைத்த பாடம்

உலோகவியல் பாடநூல்களில் தோட்டாப் பித்தளைக்கு நிலையான இடம் கிடைத்ததற்கு இந்தியாவின் மழைக்காலமும் ஒரு காரணம். பிரித்தானியப் படைகள் இங்கே மழைக்காலத்தில் படை நடவடிக்கைகளைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது, சுடப்படாத தோட்டாக்களிலேயே விரிசல் விழுந்திருந்தது. குறிப்பாக, கழுத்து குண்டை இறுகப் பிடித்திருந்த இடத்தில் கீறல் காணப்பட்டது. யாரும் அடிக்கவில்லை, வளைக்கவில்லை. துருவும் பெரிதாக இல்லை.

இதற்கான விளக்கத்தை 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் அளித்தனர். இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்ததே சிக்கல். குளிர்நிலையில் இழுத்துச் செய்யப்பட்ட பித்தளைக்குள் இழுவிசை தங்கியிருந்தது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து உலோகத் துகள்களின் எல்லை வழியே ஊடுருவியது. இழுவிசை மட்டும் இருந்தால் உறை உடையாது. அம்மோனியா மட்டும் இருந்தால் மேற்பரப்பு நிறம் மாறும், அவ்வளவே. இரண்டும் சேர்ந்தபோது விரிசல் விரைந்து ஓடியது. இது 'பருவ விரிசல்' எனப்பட்டது. இன்று 'தகைவு அரிப்பு விரிசல்' என்ற பெரிய வகைக்குள் அடங்குகிறது. பாலங்கள், கொதிகலன்கள், விமானப் பாகங்கள் ஆகியவற்றின் பாதுகாப்பிலும் இதே கருத்து பயன்படுகிறது.

அம்மோனியா ஏன் செம்பைத் தாக்குகிறது என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் ஆய்வகத்தில் பார்த்திருப்பார்கள். செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியாக் கரைசலை மிகுதியாகச் சேர்த்தால் அடர் நீல நிறம் தோன்றும். ஒரு செம்பு அயனியைச் சுற்றி நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் அணைந்து உருவாகும் அணைவுச் சேர்மமே அந்த நீலம். காற்றும் ஈரமும் இருக்கும்போது இதே வினை பித்தளையிலிருந்து செம்பைக் கரைத்தெடுக்கிறது.

தீர்வு எளிமையானது. செய்து முடித்த உறையை மிதமான வெப்பத்தில் காய்ச்சி உள்விசையைத் தளர்த்துவதும், அம்மோனியா இல்லாத இடத்தில் சேமிப்பதும்தான். வீட்டிலும் இது பொருந்தும். பித்தளைப் பொருள்களை மாட்டுக் கொட்டகையிலோ அம்மோனியா கலந்த துப்புரவு நீருக்கு அருகிலோ நெடுநாள் வைக்கக் கூடாது.

புளி போட்டுத் துலக்குவதிலும் ஒரு வேதியியல் உண்டு. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மேற்பரப்பின் கருமையைக் கரைத்துப் பளபளப்பைத் தருகிறது. ஆனால் அமிலத்தில் நெடுநேரம் ஊறவிட்டால், மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மிஞ்சி இளஞ்சிவப்பாகத் தெரியும். உறைகளைச் சுத்தம் செய்வோரும் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை மிகக் குறைந்த நேரமே பயன்படுத்துவதற்கு இதுவே காரணம்.

இந்திய வரலாற்றில் வெற்று உறை

வெற்று உறை மீண்டும் நிரப்பப்படலாம் என்ற அச்சம் காலனிய அரசின் கொள்கைகளை வடிவமைத்தது. 1907ஆம் ஆண்டில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் துப்பாக்கிகளைக் குடிமக்கள் இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. அந்த அளவுக் குண்டுகள், அரசுக்கு எதிரானவர்களிடம் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குப் பயன்படக்கூடும் என்பதே காரணம். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனங்கள் .470, .465 போன்ற புதிய அளவுகளை உருவாக்கி வேட்டைக்காரர்களுக்கு விற்றன. இந்தியாவில் பிறந்த ஒரு தடையால் உலக வேட்டைத் துப்பாக்கிகளின் அளவுகளே மாறின.

இராணுவத் தோட்டா குடிமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்ற கொள்கை பின்னரும் தொடர்ந்தது. இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை குடிமக்களுக்காகச் செய்த துப்பாக்கி .303 அளவில் இல்லாமல் .315 அளவில் இருந்ததும் இதனால்தான்.

தோட்டாத் தயாரிப்பு அரசின் கையிலேயே இருந்தது. பூனாவுக்கு அருகில் உள்ள கட்கி வெடிபொருள் தொழிற்சாலை 1869இல் தொடங்கியது. அதன் தோட்டாக்களின் அடியில் 'கே.எஃப்.' என்ற முத்திரையும் ஆண்டும் இருக்கும். வரண்காவ் தொழிற்சாலையின் முத்திரை 'ஓ.எஃப்.வி.' என்பதாகும். தமிழ்நாட்டின் பங்கும் இதில் உண்டு. நீலகிரியில் குன்னூருக்கு அருகில் உள்ள அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உந்துமருந்து செய்துவருகிறது. .303 தோட்டாவின் மருந்து அந்தக் கார்டைட்தான். இம்மூன்று தொழிற்சாலைகளும் 2021 அக்டோபர் முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'வெடிபொருள்' என்பதற்கான விளக்கம் விரிவானது. முழுத் தோட்டா மட்டுமன்றி, அதன் பகுதிகளும் அதைச் செய்யும் இயந்திரங்களும் இதில் அடங்கும். 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் இவற்றைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. வெற்று உறையில் எரியூக்கியும் மருந்தும் குண்டும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு புதிய தோட்டா. எனவே 'பழையதைத்தானே நிரப்பினேன்' என்பது விடையாகாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சட்டவிரோதத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள் சிறை. உந்துமருந்துக்கு வெடிபொருள் சட்டமும் தனியே பொருந்தும்.

தனியாக ஒரு வெற்று உறை வைத்திருப்பது குற்றமா? இச்சட்டத்தின் 45ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. வெடிபொருளின் சிறு பகுதிகளை, அவற்றோடு சேரும் மற்றப் பகுதிகளுடன் இணைத்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல் வைத்திருப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் இது, உறையோடு பிடிபட்டவர் விசாரணையில் எடுத்துச் சொல்ல வேண்டிய விலக்கு. விமான நிலையத்தில் பெட்டிக்குள் தோட்டாவோ உறையோ தென்பட்டால் பயணம் தடைபடுவதும் விசாரணை நடப்பதும் உறுதி. அது சுடப்பட்டதா இல்லையா என்பதைப் பயணி முடிவு செய்ய முடியாது. சுடுதளத்திலிருந்து எடுத்த உறையாக இருந்தால் அது அரசின் சொத்து. எனவே திருட்டு வழக்கும் வரலாம்.

காவல்துறை, இராணுவச் சுடுபயிற்சிகளில் வெற்று உறைகளை எண்ணித் திரும்ப ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. கொடுத்த தோட்டா எத்தனை, திரும்பி வந்த உறை எத்தனை என்று கணக்குப் பார்ப்பார்கள். உலோகத்தின் மதிப்பு இதில் சிறு காரணமே. உறை கணக்கில் குறைந்தால், சுடப்படாத தோட்டா ஒன்று வெளியே போயிருக்கலாம் என்பதே பெரிய காரணம்.

உறை ஒரு தடயம்

சுட்ட உறையின் அடியில் ஊசியின் குத்துத் தடமும், உறையை இழுத்து வெளியே தள்ளும் பாகங்களின் கீறல்களும் பதிகின்றன. இவை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறுபடும். நுண்ணோக்கியில் இரண்டு உறைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே துப்பாக்கியில் சுடப்பட்டவையா என்று தடயவியலாளர்கள் ஆராய்கின்றனர். 1849இல் வேதியியல் ஆய்வாளர் ஆய்வகம் தொடங்கப்பட்ட சென்னைக்கு இத்துறையில் நெடிய வரலாறு உண்டு. குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் உறையை ஆர்வத்தில் கையில் எடுப்பவர், ஒரு வழக்கின் சாட்சியையே கலைத்துவிடுகிறார். மீண்டும் நிரப்பப்பட்ட உறையில் இரண்டு துப்பாக்கிகளின் கீறல்கள் இருக்கக்கூடும் என்பதால் ஆய்வும் சிக்கலாகும்.

தாம்பரத்திற்குத் தெற்கே

சென்னையின் தென்புறநகருக்கும் படைகளுக்கும் உள்ள தொடர்பு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலையில் இருந்தது. இன்று அங்கே 1963இல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சி அகாதமி உள்ளது. பல்லாவரத்தில் கன்டோன்மென்ட், தாம்பரத்தில் விமானப்படை நிலையம் உள்ளன. சுடுபயிற்சிக்கு நகரை விட்டு வெளியே இடம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் சிங்கப்பெருமாள்கோவிலுக்கு அருகில் அனுமந்தபுரத்திலும், செங்கல்பட்டை அடுத்த ஒத்திவாக்கத்திலும் சுடுதளங்கள் அமைந்தது இவ்வாறே.

ஒத்திவாக்கம் காவல்துறையினர் பயன்படுத்தும் தளம். அனுமந்தபுரத்தில் துப்பாக்கி மட்டுமன்றிப் பெரிய குண்டுகளும் பயிற்சியில் பயன்படுகின்றன. அவற்றுள் சில இலக்கில் விழுந்தும் வெடிப்பதில்லை. பயிற்சி முடிந்த பின் பித்தளைக்காகவும் செம்புக்காகவும் உள்ளே சென்றவர்கள் அத்தகைய குண்டுகளை எடுத்து வந்து, உடைக்க முயன்றபோது காயமடைந்ததும் இறந்ததும் செய்திகளாக வந்துள்ளன.

இதில் கிடைக்கும் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு 7.62 மி.மீ. உறையின் எடை ஏறத்தாழ 11 முதல் 12 கிராம். ஒரு கிலோ சேர்க்க ஏறத்தாழ 85 உறைகளைப் பொறுக்க வேண்டும். சிறிய 5.56 மி.மீ. உறைகள் என்றால் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். புல்லுக்குள் கிடக்கும் சிறு உறைகளைத் தேடிக் களைத்தவருக்கு, கிலோக்கணக்கில் எடையுள்ள ஒரு குண்டு புதையலாகத் தோன்றும். உறையில் தொடங்கும் தேடல் வெடிக்காத குண்டில் முடிவது இந்தக் கணக்கால்தான். இலங்கையில் 2009க்குப் பின் வன்னியில் பழைய உலோகம் பொறுக்கியவர்களும் இதே ஆபத்தைச் சந்தித்தனர்.

சுடுதளங்களைச் சுற்றி வாழும் மக்களுக்கு உரிமைகளும் உண்டு. 1938ஆம் ஆண்டின் படை ஒத்திகை, களச் சுடுபயிற்சிச் சட்டம், பயிற்சி நடக்கும் நிலப்பகுதியையும் காலத்தையும் அரசு அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆபத்து எல்லை வகுப்பதற்கும் சேதங்களுக்கு இழப்பீடு தருவதற்கும் அதில் வழி உள்ளது. 2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பகுதியில், மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினரின் சுடுபயிற்சி நடந்த நாளில், தளத்திற்கு வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் குண்டு பாய்ந்து, சில நாள்களில் இறந்தான். எல்லையைத் தாண்டாத மக்களுக்கும் ஆபத்து வரலாம் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

காயலான் கடையில்

பொறுக்கிய பித்தளை முதலில் வந்து சேருமிடம் காயலான் கடை. அங்கிருந்து உருக்காலைக்குச் செல்கிறது. வெற்று உறைகளுக்கு நடுவே சுடப்படாத ஒரு தோட்டா கலந்திருந்தாலும் உலையில் அது வெடிக்கும். 2004 செப்டம்பர் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் அருகே ஓர் உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய உலோகத்தில் இருந்த பீரங்கிக் குண்டுகள் வெடித்து 10 பேர் இறந்தனர். அதன்பிறகு இறக்குமதியாகும் பழைய உலோகத்துக்கு முன்கூட்டிய ஆய்வுச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. உள்ளூர்ப் பழைய உலோகத்தில் கடைக்காரரின் கண்ணும் எச்சரிக்கையுமே காவல்.

பித்தளையை உருக்குவதிலேயே வேறோர் ஆபத்தும் உண்டு. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதிக்கும். பித்தளை உருகுவதும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான். வெளிவரும் வெண்புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். காற்றோட்டம் இல்லாத சிறு பட்டறைகளில் இது அதிகம்.

கண்டெடுத்தால் செய்ய வேண்டியது

தென்புறநகரில் ஏரிக்கரை, காட்டோரம், புதிய மனைப்பிரிவு என எங்கேனும் தோட்டாவோ உறையோ குண்டு போன்ற பொருளோ தென்பட்டால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

தொடக்கூடாது, காலால் தட்டக்கூடாது, கல்லெறியக் கூடாது.
துருப்பிடித்தது, பழையது, நனைந்தது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணக் கூடாது. பழைய குண்டு புதியதைவிட நிலையற்றதாக இருக்கலாம்.
இடத்தை நினைவில் வைத்து, வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் நெருங்க விடாமல் தடுக்க வேண்டும்.
112 என்ற அவசர எண்ணிலோ அருகில் உள்ள காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும்.
வீட்டில் முன்னோர் காலத்துத் தோட்டா ஏதேனும் இருந்தால், தாமே எடுத்துச் செல்லாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் தந்து, அவர்கள் சொல்வதுபோல் செய்ய வேண்டும்.

குழந்தைகளுக்கு முழுத் தோட்டாவும் வெற்று உறையும் வேறுபடுத்தத் தெரியாது. முனையில் குண்டு இல்லையென்றால் வெற்று உறை என்பதும் முழு உண்மை அல்ல. குண்டு கழன்று, மருந்தும் எரியூக்கியும் மிஞ்சிய உறைகளும் கிடக்கும். எனவே 'எது ஆபத்து, எது ஆபத்தில்லை' என்று குழந்தைகளுக்குப் பட்டியல் போட்டுக் கற்பிப்பதைவிட, 'எதையும் தொடாதே, வந்து சொல்' என்று கற்பிப்பதே பாதுகாப்பானது. அனுமந்தபுரம், ஒத்திவாக்கம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.